நான் கூப்பிடாத பெயர்

அந்த நடிகைக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சுவரொட்டியில் அச்சாகும் பெயர். மதுரையில் ரிக்‌ஷா இழுக்கிறவரிலிருந்து சென்னையில் மந்திரி வரை எல்லோருக்கும் அது தெரியும். வெள்ளம், பஞ்சம், தீ விபத்து என்று எங்கே என்ன நடந்தாலும் முதலில் போய் நிற்கிறவர் என்று பத்திரிகைகள் அந்தப் பெயரைக் கொண்டாடின. மற்றது அவரைப் பெற்றவள் வைத்த பெயர். அதை அறிந்தவர்கள் மிகக் கொஞ்சம். அவர்களில் நான் ஒருத்தி. இரண்டையும் இங்கே எழுதப் போவதில்லை. முதலாவதை எழுதினால் அவரை வைத்துப் பெருமையடிக்கிறேன் என்பார்கள். இரண்டாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, அவர் காலமாகி இத்தனை வருடம் கழித்துக் காகிதத்தில் எழுதி என்ன ஆகப்போகிறது?

ஐம்பதுகளின் நடுவில் நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பெண்கள் வார்டு என் பொறுப்பு. வயது இருபத்தேழுதான், ஆனால் அறுபது வயதுக்காரியின் அதிகாரம் இருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்புக் கலையாது. என் வார்டில் சத்தம் கூடாது, பீடி கூடாது, கட்டிலுக்கடியில் கோழிக்குஞ்சு கூடாது. பக்கத்து வில்பட்டிக் கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்கு வரும்போது கோழியையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம், யாரும் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசக் கூடாது. தோட்டி வேலை பார்க்கும் அம்மாவையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஏ இவளே’ என்று யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான். கம்பவுண்டர்கூட என் வார்டு வாசலில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இந்த மரியாதைப் பைத்தியம் எனக்குச் சும்மா பிடிக்கவில்லை. என் அப்பா ஏரிக்கு மேலே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பங்களாவில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்தார். அந்த வீட்டுக் குழந்தைகள், ஆறு வயது, எட்டு வயது, சாப்பாட்டு மேசையிலிருந்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். வெறும் பெயர். ‘அண்ணே’ இல்லை, ‘ஐயா’ இல்லை, ஒன்றும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஓடுவார். அந்தக் குழந்தைகள் அவர்மேல் உயிராக இருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஊரில் அது பிரியம். ஆனால் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பத்து வயது. எனக்கு அது பிரியமாகப் படவில்லை. அன்றிலிருந்து, கும்பிட வேண்டியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நடிகை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரு சீசன் சமயத்தில். ஏரியில் படகு வைத்து ஏதோ பாட்டு எடுத்துக்கொண்டிருந்தார்களாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவரைக் காரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. டாக்டரம்மா கடல் கடந்து வந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் எல்லா வார்த்தையையும் ஒரே வேகத்தில் பேசுவார்.

எங்கள் ரிஜிஸ்டரில் டாக்டரம்மா தாமாகவே போட்ட ஒரு கட்டம் உண்டு: ‘வீட்டில் கூப்பிடும் பெயர்’. மயக்கத்துக்கு ஈதர் கொடுத்து ஆப்பரேஷன் முடிந்ததும் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். ஞானஸ்நானப் பெயரையும் பள்ளிக்கூடப் பெயரையும் சொன்னால் எங்கள் ஜனங்கள் மயக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சின்ன வயதில் வீட்டில் கேட்ட பெயரைச் சொன்னால் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் புருவம் அசையும். இதை டாக்டரம்மா அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதனால் யாராக இருந்தாலும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேசைமேல் ஏற்ற மாட்டார்.

நான் ரிஜிஸ்டரோடு நின்றேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கூட வந்தவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு என் காதருகே அந்தப் பெயரைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலைக்குக் கீழே தெருவுக்கு மூன்று பேருக்கு இருக்கிற பெயர். நாற்று நடுகிறவர்கள் மத்தியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேர் நிமிர்வார்கள்.

ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொன்னேன். வேலை என்று வந்துவிட்டால் எனக்கு நடிகையும் ஒன்றுதான், முட்டைக்கோஸ் விற்கிறவளும் ஒன்றுதான். கன்னத்தைத் தட்டி, பெயரைச் சொல்லி, “ஏத்தா, கண்ணத் தெற. எந்திரி, விடிஞ்சிருச்சு பாரு” என்றேன். நாலைந்து தடவை கூப்பிட்டபிறகு உதடு அசைந்தது.

“இந்தா வாரேம்மா” என்றார்.

கண்ணைத் திறந்து என் தொப்பியையும் முகத்தையும் பார்த்ததும் அழுதார். ஈதர் போட்டவர்கள் அழுவது சகஜம். நான் வாந்திக்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு நாள் எங்களிடம் இருந்தார். வாசலில் கூட்டம் குறையவில்லை. ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அவர் சினிமாப் பேச்சை விட்டுவிட்டு எங்கள் பக்கத்துப் பேச்சுப் பேச ஆரம்பித்தார். வத்தலக்குண்டுக்கு அந்தப்புறம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா வயல் வேலைக்குப் போய் வளர்த்தாள். முதல் படம் எடுத்தவர், இந்தப் பெயரைப் போட்டால் கொட்டகைக்கு ஈ காக்காய்கூட வராது என்று புதுப் பெயர் வைத்துவிட்டார். அம்மா மட்டும் பழைய பெயரை விடவில்லை. ஸ்டுடியோவில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிடுவாளாம். அந்த அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

“தம்பி அக்காங்கான். டிரைவர், சமையக்காரம்மா எல்லாம் அம்மாங்காக. மத்தவுகளுக்கு மேடம். எம்பேரக் கேட்டு மூணு வருசமாச்சு. ஈதருக்குள்ள கெடந்தப்பத்தான் கேட்டேன்” என்றார். பிறகு, “நீ அப்படியே கூப்பிடு என்ன. அன்னைக்குக் கூப்பிட்டயே, அது கெணக்கா” என்றார்.

“அது ஆஸ்பத்திரிச் சட்டம்மா. முழிச்சிருக்கறவுகளை எப்படிக் கூப்புடுறது?”

“ஏன், நான் உன்னைக் கூப்பிடலையா?”

உண்மைதான். இரண்டாம் நாளே என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார். ‘நீ’ என்றுதான் பேசினார். அவர் பெரியவர், என்னைச் சொல்லலாம். கணக்குப் பார்த்தால் அவர் என்னைவிட ஏழு மாதம் இளையவர். ஆனால் பெரியவர் என்பதற்கு வயது ஒன்றுதானா அளவு? நான் சிரித்து மழுப்பிவிட்டுத் தெர்மாமீட்டரை அவர் வாயில் வைத்தேன். அதோடு அந்தப் பேச்சு அன்றைக்கு நின்றது.

அதன்பிறகு வருடா வருடம் சீசனுக்கு வந்தார். ஹோட்டலில் தங்குவார், பகலெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பார். பத்திரிகைக்காரர்களை வாசலோடு நிறுத்திவிடுவார். கம்பளி, பால் பவுடர், மருந்து எல்லாம் அவர் செலவில் வந்தன. அது பெரிதில்லை, பணம் உள்ளவர்கள் கொடுப்பார்கள். யாரும் பார்க்க வராத நோயாளி எந்தக் கட்டில் என்று என்னிடம் கேட்டு அங்கே போய் உட்காருவார். காசநோய்க்காரக் குழந்தை ஒன்றின் தலையில் பேன் சீப்பு வைத்து மூன்று நாள் உட்கார்ந்து வாரியிருக்கிறார். முகம் சுளித்துப் பார்த்ததில்லை. நானே முகம் சுளித்த இடங்கள் உண்டு.

ஆனால் ஒன்று கவனித்தேன். அவர் வார்டுக்குள் வந்ததும் கிடக்கிற பெண்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். முடியாதவர்களும் எழ முயல்வார்கள். தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். “நல்லா இருக்கோம்மா” என்பார்கள், நல்லா இல்லாவிட்டாலும். வலி எங்கே என்று அவர் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அவர் போனதும் என்னிடம் சொல்வார்கள். அவருக்கு அது தெரியும். “சுவரொட்டியக் கூட்டிட்டு வந்து உக்கார வச்ச மாதிரி இருக்கு” என்று ஒரு தடவை ஏரிக்கரையில் நடக்கும்போது சொன்னார். அன்றும், “ஒரு வாட்டி கூப்பிடேன். இங்க யாரும் இல்ல” என்று கேட்டார். சுற்றிப் பார்த்தேன். நிஜமாகவே யாரும் இல்லை. பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அப்பா ஈரக் கையோடு ஓடியது ஞாபகம் வந்துவிட்டது. “குளுருதும்மா, போவோமா?” என்றேன். அவர் சிரித்தார். கோபப்படவில்லை.

நாலாவது வருடம் கார்த்திகையில் விடாத மழை. மேல்மலையில் கூக்கால் கிராமத்தில் வீடுகள் இடிந்து, ஒரு சரிவில் மண் வந்து மூடி, சனங்கள் சாவடியில் ஒண்டிக் கிடக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நான் அவருக்கு ஒரு தந்தி கொடுத்தேன். மூன்றாம் நாள் கொடை ரோட்டில் ரயிலை விட்டு இறங்கி, டாக்ஸி பிடித்து மேலே வந்துவிட்டார். நூறு கம்பளியும் அரிசி மூட்டைகளும் பின்னால் லாரியில் வந்தன. டாக்டரம்மா என்னை மருந்துப் பெட்டியோடு அவருடன் அனுப்பினார். பூம்பாறை வரை ஜீப். அப்புறம் ரோடு இல்லை. மூட்டைகளைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு நடந்தோம்.

கிளம்பும் முன் ஜீப்பில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: “அங்க யார்ட்டயும் நான் யாருன்னு சொல்லாத. ஆஸ்பத்திரியில இருந்து வாரோம், அவ்வளவுதான். பேர் கேட்டா எம்பேரச் சொல்லிக்கிடுறேன். எங்கம்மா வச்சத. நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியமா?”

“சத்தியமாம்மா” என்றேன். வேதத்தின்மேல் கைவைத்துச் சொன்னதற்குச் சமம் எனக்கு அது.

மப்ளரைத் தலையில் சுற்றி, ஆம்பளை ஸ்வெட்டரைப் போட்டு, முழங்கால் வரை சேறாக அவர் கூக்காலுக்குள் நுழைந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேர் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். சொன்னார். “எங்க அத்த மக பேரு” என்று அவள் சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தையாக அந்தப் பெயரையே சொல்லி, அந்த அண்டாவை ஒரு கை பிடிக்கச் சொன்னாள். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் சாவடி முழுக்க அந்தப் பெயர்தான். “ஏத்தா, வெரசா வெறக எடுத்தா.” “அந்தக் கம்பளிய இங்கிட்டுப் போடு.” “இவனச் செத்தப் புடி, மூக்கு ஒழுகுது.” எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பெயர். அவர் புகைக்குள் நின்று, கண்ணெல்லாம் சிவந்து, “வாரேன், வாரேன்” என்று ஓடிக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. படத்தில் சிரிக்கிற சிரிப்பு வேறு, இது வேறு.

எனக்கு? எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். இத்தனை செலவு செய்து, இத்தனை தூரம் நடந்து வந்தவரை ஆளாளுக்கு வேலை ஏவுகிறார்கள். கண்ணெதிரே என் அப்பாவை நூறு பேர் கூப்பிடுவதைப் போல இருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பல்லைக் கடித்தேன். இன்னொன்றும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நாலு வருடமாக எனக்கு வராத வார்த்தை அவர்கள் வாயில் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்ற எரிச்சல்.

சாவடியின் மூலையில் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மண் சரிந்ததில் அவளுடைய மூன்று வயது மகள் போய்விட்டாள். நாலு நாளாக ஒரு வாய் சோறு தின்னவில்லை, பேசவில்லை, அழவும் இல்லை. சொந்தக்காரர்கள் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்திருந்தார்கள். நான் நாடி பார்த்தபோது கையை இழுத்துக்கொண்டாள். இவர் முதல் நாள் முழுக்க வேலைக்கு நடுவே அவள் பக்கத்தில் போய் உட்காருவார், எழுந்து வருவார். ஒன்றும் பேச மாட்டார். மறுநாள் காலையில் அவள் திரும்பிப் பார்த்து, “ஒம்பேரு என்ன?” என்று கேட்டாளாம். அதை என்னிடம் ஓடிவந்து சொல்லிவிட்டு இவர் மறுபடியும் அவளிடமே போனார்.

அன்று மத்தியானம் நான் முற்றத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இவர் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவளிடம் போனதைப் பார்த்தேன். சற்று நேரத்தில் ஒரு கூச்சல். காலையில் பேர் கேட்டதைத் தவிர வாய் திறக்காதவள், இவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினாள்: “போடி! நீ பெத்திருக்கியாடி? ஒனக்கு என்னடி தெரியும்? சோத்த எடுத்துக்கிட்டு வந்துட்டா!” கையைத் தட்டிவிட்டதில் சோறு சிதறியது.

நான் கெட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். முற்றம் முழுக்கச் சகதியும் மூட்டைகளும், கடந்துபோக நேரம் பிடித்தது. அதற்குள் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன், புத்தியில்தான் ஏறவில்லை. இவர், “இல்லக்கா, பெக்கல. எனக்குத் தெரியாது. நீ சொல்லு” என்றார். அவள் இவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மகளின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். இவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே மிச்சமிருந்த சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனார். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். நான் போய் நின்றது அந்த நேரத்தில்தான்.

என் காதில் ‘போடி’ மட்டும்தான் இருந்தது.

“யாரப் பாத்துப் போடிங்குற? இவுக யாருன்னு தெரியுமா ஒனக்கு? ஒங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?” என்று கத்தினேன். அப்புறம் சுவரொட்டிப் பெயரைச் சொன்னேன். சாவடி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

கொடைக்கானலுக்குப் போய்ப் படம் பார்த்திருந்த ஒரு ஆள் கிட்ட வந்து, குனிந்து பார்த்து, “ஆமாய்யா, அவுகதான்!” என்றான். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். இவர் முகத்தைப் பார்த்தாள், சிதறிக் கிடந்த சோற்றைப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்காமல் கையில் எடுத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஐந்து நாள் பட்டினி; கால் ஆடியது. இரண்டு கையையும் கூப்பி, “தெரியாமப் பேசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்கிடாதீக” என்றாள். இவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் பின்னாலேயே நகர்ந்து கூட்டத்துக்குப் பின்னே போய்விட்டாள்.

அப்புறம் மரியாதை தொடங்கியது. ஊரில் விழாமல் நின்ற வீடுகளிலிருந்து ஒரு கட்டிலைத் தூக்கிவந்தார்கள். வெள்ளை வேட்டியை விரித்து அவரை உட்கார வைத்தார்கள். கரண்டியைத் தொடவிடவில்லை. மடியில் கிடந்த குழந்தையை, “துணிய நனைச்சிருவான் தாயி” என்று அவனுடைய அம்மா தூக்கிக்கொண்டு போனாள். ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக வந்து ரோடு வேண்டும், பஸ் வேண்டும், மந்திரியிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். படங்களில் பார்த்த அதே முகம் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெயரை அதன்பிறகு அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் இருப்பதாக வந்தவர் மறுநாள் வெள்ளனே கிளம்பிவிட்டார். பூம்பாறை வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். ஜீப்பைப் பார்த்ததும், “அவ சாப்புட்டாளா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை. கட்டிலுக்கு விரிக்க நல்ல வேட்டி தேடுகிறவர்களோடு அலைந்துகொண்டிருந்தேன்.

“தெரியலம்மா” என்றேன். பிறகு, “மன்னிச்சிருங்கம்மா. அவ பேசுனதப் பொறுக்க முடியல” என்றேன்.

“நீ நல்லதுக்குத்தான் செஞ்ச” என்றார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்.

மாசி மாதம் கூக்காலிலிருந்து ஒரு பிரசவக் கேஸ் வந்தபோது அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். உயிரோடு இருக்கிறாள், அண்ணி ஊற்றுகிற கஞ்சியைக் குடிக்கிறாள், ஆனால் மகளைப் பற்றி அன்றைக்கு அழுததோடு சரி, அப்புறம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்றார்கள். நான் கெடுத்தது ஒருத்தியை மட்டும் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருடம் சீசனுக்கு அவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நடு ஏப்ரலில் கார் வந்து நின்றது. ஜன்னலில் பார்த்துவிட்டு வார்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எத்தனையோ நாள் எனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் யாரும் இல்லாதபோது சத்தமாகவே அந்தப் பெயரைச் சொல்லிப் பழகியிருந்தேன். படியில் அவரைக் கண்டதும், பழக்கதோஷம், “வாங்கம்மா” என்றுதான் வாய் முந்திக்கொண்டது.

அவர் இரண்டு கையையும் கூப்பினார். “வணக்கம் சிஸ்டர். நல்லா இருக்கீங்களா?” என்றார்.

எனக்குப் பின்னால் வேறு சிஸ்டர் யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

கோபமா என்றால் அதுவும் இல்லை. அந்த வருடமும் கம்பளி வந்தது, பால் பவுடர் வந்தது. வார்டில் எல்லோரையும் பார்த்தார். மூன்று வாரமும் என்னிடம் அன்பாகத்தான் பேசினார். ‘நீங்க’, ‘சொல்லுங்க’, ‘சிரமம் இல்லைன்னா’. அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் நர்ஸ் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். டாக்டரம்மாவுக்கு நான் சிஸ்டர், கம்பவுண்டருக்கு சிஸ்டர், காய்கறிக்காரருக்கும் சர்ச்சில் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கும் சிஸ்டர். அவர் என் பெயரை நிறுத்தியபிறகுதான், அந்த மலையில் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போய், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “எம்மேல கோவம் இருந்தாத் திட்டிருங்க. சிஸ்டர் மட்டும் வேணாம். முன்னமாதிரி எம்பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் நடிப்பு ஒன்றும் இல்லை. உதட்டைப் பிரித்தார், சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன்.

“வர மாட்டேங்குது சிஸ்டர்” என்றார். என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.